நூலகச் சாவி

(தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, நிரையை முடித்து, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, சற்றே சாய்ந்திருக்க வேண்டிய இப்பிற்பகல் வேளையில் பிள்ளைகளின் பொருட்டு இங்கே வந்து அமர்ந்திருக்கிறீர்கள். ஆதலின் நீண்ட முன்னுரை கூற நாம் விரும்பவில்லை. நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளில் பயிலும் பிள்ளைகள் பள்ளி நூலகத்திற்குள் விருப்பத்தோடு வருவதற்கு என்ன செய்யலாம் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் நமது குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளிவந்த புதிதில் ஒரு தோட்டப் பள்ளியில் நாம் பணியாற்றினோம். நூலகப் பொறுப்பும் நம்மிடமே வந்து சேர்ந்தது. ஒரு சிறிய அறை, மூன்று அலமாரிகள், ஏறத்தாழ நானூறு நூல்கள். அறையின் சாவியை நமது சட்டைப் பையில் வைத்துக்கொண்டோம். பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள், தொலைத்துவிடுவார்கள் என்ற அச்சமே அதற்குக் காரணம். ஆண்டிறுதிக் கணக்கெடுப்பில் ஒரு நூல்கூடக் குறையவில்லை. பலர் முன்னிலையில் நம்மைப் பாராட்டினார்கள், நாமும் மகிழ்ந்தோம். அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் அலமாரியின் கீழ்த்தட்டை இழுத்துப் பார்த்தபோது, எந்தப் பிள்ளையும் புரட்டாத ஏடுகளைக் கரையான் புரட்டி முடித்திருந்தது.

அந்தக் குப்பையை அள்ள உதவிய ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், "ஐயா, இதில் பாம்பைப் பற்றிய புத்தகம் இருந்ததா?" என்று கேட்டான். அவனுடைய தாயார் முதல் வாரம் நிரையில் ஒரு பாம்பைக் கண்டு, வாளியை எறிந்துவிட்டு ஓடி வந்திருக்கிறார். அது நஞ்சுள்ளதா, இல்லாததா என்று அவனுக்குத் தெரிய வேண்டும். அப்படி ஒரு நூல் இருந்தது. கரையான் தின்றவற்றுள் அதுவும் ஒன்று. அந்த மாணவனுக்கு நாம் மறுமொழி கூறவில்லை.

நூல்கள் பயன்படுத்துவதற்கே உரியவை என்பதை நூலக இயலின் முதல் விதியாக 1931-ஆம் ஆண்டில் வகுத்தவர், சீர்காழியில் பிறந்த தமிழரான எஸ்.ஆர். ரங்கநாதன் அவர்கள். பயிற்சிக் கல்லூரியில் இதனைப் படித்துத் தேர்விலும் எழுதியவர்கள்தாம் நாம். ஆயினும் சாவி பையிலேயே கிடந்தது. பட்டை வீணாகும் என்று அஞ்சி மரத்தைச் சீவாமலே விட்டவனுக்கும் நமக்கும் வேறுபாடில்லை.

மேல்நிலை மூன்றாண்டுகளை மட்டும் ஏன் எடுத்துச் சொல்கிறோம்? மூன்றாம் ஆண்டு வரை பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகுகிறார்கள். நான்காம் ஆண்டிலிருந்து அறிவியலையும் வரலாற்றையும் தாமே படித்து விளங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. தடுமாறுகிற பிள்ளை இக்காலத்தில்தான் நூலை மெல்ல ஒதுக்கத் தொடங்குகிறது. முன்பெல்லாம் ஆறாம் ஆண்டு அரசாங்கத் தேர்வைக் காரணம் காட்டி, கதைப் புத்தகத்திற்கு நேரமில்லை என்று சொல்லி வந்தோம். அந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே அந்தச் சாக்கும் இப்போது இல்லை. ஆறாம் ஆண்டை முடித்த பிள்ளை பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குப் போகிறது. அங்கே போதனை மொழி மலாய்; நூலகமும் பெரியது. வேண்டிய நூலைத் தானே தேடி எடுக்கப் பழகிய பிள்ளை அங்கே துணிந்து நுழையும். பழகாத பிள்ளை வாயிலோடு திரும்பிவிடும்.

இனி, செய்யக்கூடிய விளையாட்டுகளைச் சொல்கிறோம். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. பழைய நாள்காட்டியின் பின்பக்கமும் நாளிதழ்த் தாள்களும் போதும்.

முதலாவது நூல் வேட்டை. நூலகத்தில் ஒவ்வொரு நூலின் முதுகிலும் ஓர் எண் ஒட்டப்பட்டிருக்கும். இது உங்கள் நிரைகளைப் போன்றதுதான். வேலைக்கு வராதவருடைய மரங்களை மற்றொருவர் சீவ வேண்டுமானால், கங்காணி நிரையைக் காட்டினால் போதும். தோட்டம் முழுவதும் அலைய வேண்டியதில்லை. மெல்வில் டூயி என்ற அமெரிக்கர் வகுத்த முறைப்படி விளையாட்டுக்கு 796, சமையலுக்கு 641 என்று எண்கள் உண்டு. பிள்ளைகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் ஒரு கேள்விச் சீட்டைக் கொடுக்கிறோம். சீட்டில் எண்ணை எழுதுவதில்லை. "அம்மா சீவும் மரத்தைப் பற்றிய நூல் எங்கே இருக்கும்?" என்பது ஒரு சீட்டு. "அந்தப் பாலில் செய்த டயரைப் பற்றிய நூல் எங்கே?" என்பது மற்றொன்று. முதற்சீட்டைப் பெற்றவர்கள் 633 என்ற பயிர்த்தொழில் தட்டில் நிற்பார்கள். இரண்டாவது சீட்டு 678 என்ற தொழிற்பொருள் தட்டுக்கு அழைத்துச் செல்லும். ஒரே பால் இரண்டு தட்டுகளில் இருப்பது ஏன் என்று அவர்களே வாதிடட்டும். ஆசிரியர் உடனே விடை சொல்லிவிடக் கூடாது. தம் பெற்றோர் செய்யும் தொழிலுக்கு இம்முறையைப் பின்பற்றும் உலக நூலகங்களிலெல்லாம் ஓர் இடம் குறிக்கப்பட்டிருக்கிறது என்று அறியும்போது அப்பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இடையே ஒரு செய்தி. டூயி தமது எண் முறையை முதன்முதலாக வெளியிட்டது 1876-ஆம் ஆண்டில். பிரேசில் நாட்டிலிருந்து ஹென்றி விக்கம் ரப்பர் விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றதும் அதே ஆண்டில்தான். மறு ஆண்டே கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. இவ்விரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. எனினும் வகுப்பில் இதனைச் சொன்னபோது பிள்ளைகள் எவரும் மறக்கவில்லை.

இரண்டாவது, மறைநூல். நல்ல நூல்கள் சிலவற்றை நாளிதழ்த் தாளில் சுற்றி, மேலே மூன்றே சொற்கள் எழுதி வைப்பது. "நரி, கிணறு, ஏமாற்றம்" என்று எழுதினால் போதும். அட்டைப் படத்தைப் பார்த்து ஒதுக்கும் பிள்ளைகூட, பிரித்துப் பார்க்கும் ஆசையில் எடுத்துச் செல்லும். அகராதி ஓட்டமும் நல்லதே. ஒரு சொல்லைக் கூறி, யார் முதலில் பொருள் கண்டு எழுகிறார் என்று பார்ப்பது அது.

மூன்றாவதை நாம் பெரிதும் மதிக்கிறோம். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை, முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு ஒரு படக்கதையை உரக்கப் படித்துக் காட்டுவது. வகுப்பில் வாய் திறக்கக் கூசுகிற மாணவி ஒருத்தி எம்மிடம் பயின்றாள். அவளுடைய தரத்துக்குக் குறைந்த நூலைக் கொடுத்தால் தோழியர் சிரிப்பார்கள் என்பது அவளுக்கு அச்சம். "இது உனக்கன்று, தம்பிக்குப் படித்துக் காட்டுவதற்கு" என்று கொடுத்தபோது அந்த வெட்கம் நீங்கியது. ஒரு வாரம் முழுவதும் வீட்டில் அதனையே படித்துப் பழகி வந்தாள். கேட்டவன் ஆறு வயதுச் சிறுவன். அவன் மீண்டும் படிக்கச் சொன்னான். அவளும் மீண்டும் படித்தாள்.

இங்கேதான் உங்கள் பங்கு வருகிறது. "நாங்கள் என்ன படித்தோம், பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க?" என்று தாய்மார்கள் சிலர் கேட்கிறீர்கள். சொல்லிக்கொடுக்க வேண்டாம். அடுப்பருகே இருந்தபடி, பிள்ளை படிப்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள். "அப்புறம் என்ன ஆயிற்று?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பால் கறை படிந்த கையால் நூலைத் தொடலாமா என்று தயங்குகிறவர்களும் உண்டு. கறை உலர்ந்த கையால் தாராளமாகத் தொடலாம்.

அதிக நூல்களைப் படித்தவருக்குப் பரிசு என்ற போட்டியில் நமக்கு உடன்பாடில்லை. எண்ணிக்கைக்குப் பரிசு வைத்தால், பின்னட்டையில் உள்ளதைப் பார்த்து எழுதிப் பட்டியலை நிரப்புகிறார்கள். நாமும் ஒருமுறை அப்படிப் பரிசு கொடுத்து ஏமாந்தவர்களே.

இறுதியாக ஒன்று. இது இந்தத் தோட்டத்திற்கே உரியது. டென்மார்க் நாட்டில் 2000-ஆம் ஆண்டில் நடந்த ஒரு விழாவில், நூல்களுக்குப் பதிலாக மனிதர்களையே இரவல் கொடுத்தார்கள். வந்தவர்கள் ஒருவரைத் தேர்ந்து, சிறிது நேரம் அமர்ந்து, அவர் வாழ்க்கையைக் கேட்டறிந்தார்கள். பின்னர் அம்முறை பல நாடுகளுக்கும் பரவியது. நம் பள்ளியிலும் அதைச் செய்யலாம். வயதான பாட்டி ஒருவர் நூலகத்தில் அமர்ந்திருப்பார். நான்கு பிள்ளைகளுக்கு இருபது நிமிடம். கேள்விகளை முன்னரே எழுதி வர வேண்டும். முதன்முதல் உளி பிடித்த நாள் எது? லயத்துக்கு மின்விளக்கு எப்போது வந்தது? மழை நாளில் சம்பளம் எப்படி? விரும்பாத கேள்விக்கு விடை சொல்லாமலிருக்கப் பாட்டிக்கு உரிமை உண்டு.

கேட்டதைப் பிள்ளைகள் எழுதி, படம் வரைந்து, நூலால் தைத்து, அட்டை போட்டு ஒரு புத்தகமாக்க வேண்டும். அதற்கு எண் கொடுப்பதிலும் ஒரு விளையாட்டு இருக்கிறது. பயிர்த்தொழில் என்று 633-இல் வைப்பதா, மலேசிய வரலாறு என்று 959.5-இல் வைப்பதா? பிள்ளைகளே முடிவு செய்யட்டும். ரப்பர் நின்ற தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அங்கிருந்த குடும்பங்கள் திசைக்கொன்றாய்ப் பிரிந்துபோயின. கிராணியின் பேரேட்டில் வேலை நாளும் சம்பளமும் இருந்திருக்கும். உங்கள் தாயார் பட்ட பாடு அதில் இராது. அதை எழுதி வைக்க இந்தப் பிள்ளைகளை விட்டால் வேறு ஆளில்லை.

இந்தப் பள்ளியில் ஆசிரியர்கள் சிலரே. நூலகத்தைப் பிற்பகலில் திறந்து வைக்க அவர்களால் மட்டும் இயலாது. தலைமையாசிரியர் அவர்களிடம் பேசிவிட்டோம். புதன்கிழமைதோறும் இரண்டு மணிமுதல் மூன்றரை மணிவரை அறை திறந்திருக்க அவர் இசைந்திருக்கிறார். உடனிருக்கப் பெற்றோர் இருவர் வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. நூலை எடுத்துச் செல்லும் பிள்ளை அதனை மழையில் நனையாமல் நெகிழிப்பையில் போட்டுக்கொள்கிறதா என்று பார்த்தால் போதும். முதற்புதனுக்குப் பெயர் கொடுப்பவர்கள் இப்போதே எழுந்து சொல்லலாம். இரவல் அமர இசையும் பாட்டியரின் பெயரையும் செயலாளர் குறித்துக்கொள்வார்.