பிராக் நகரில் கண்ட கல்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஜெர்மனியில் பணிபுரியும் என் மகனைக் காணச் சென்றபோது, செக் குடியரசின் தலைநகரமாகிய பிராக் நகரில் இரண்டு நாட்கள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அங்குக் கண்டவற்றை எடுத்துரைக்குமாறு நம் செயலாளர் பணித்தார். இரண்டு நாட்களில் ஒரு மாநகரைக் கண்டுவிட்டேன் என்பது, கோபுரத்தைத் தெருவில் நின்று பார்த்துவிட்டு மூலவரைத் தரிசித்தேன் என்று சொல்வது போலாகும். ஆயினும் அங்கே கண்ட ஒரு கல்லைப் பற்றி உங்களிடம் சொல்லாமலிருக்க என்னால் இயலவில்லை.

வல்டாவா ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்தது பிராக். முதல் நாட்காலை என் மகனும் பேரனும் உடன்வர, சார்லஸ் பாலத்தின்மீது நடந்தேன். நான்காம் சார்லஸ் மன்னர் 1357இல் தொடங்கிய கற்பாலம் அது. ஏறத்தாழ 516 மீட்டர் நீளமுடையது. 16 வளைவுகளின் மேல் நிற்கிறது. இரு மருங்கிலும் 30 சிலைகள். மேற்கே குன்றின்மீது கோட்டையும், அதனுள் புனித வீட்டஸ் பேராலயத்தின் கூரிய சிகரங்களும் காட்சியளிக்கின்றன. 1348இல் இந்நகரில் பல்கலைக்கழகம் ஒன்றை நிறுவியவரும் அம்மன்னரே.

பழைய நகரச் சதுக்கத்தில் 1410இல் தோன்றிய வானியல் கடிகாரம் உள்ளது. மணிதோறும் எலும்புக்கூட்டு உருவம் ஒன்று கயிற்றை இழுத்து மணியடிக்க, மேலே இரு சாளரங்கள் திறந்து ஏசுநாதரின் சீடர்கள் வரிசையாகத் தோன்றி மறைகின்றனர். கூட்டம் முழுதும் அண்ணாந்து பார்த்து மகிழ்கிறது. காலடியில் இருப்பதைக் காண்பவர் சிலரே. அதனருகே தரைக்கற்களில் 27 வெண்சிலுவைகள் பதிக்கப்பெற்றுள்ளன. 1620இல் பிராக் அருகிலுள்ள வெண்குன்றில் நடந்த போரில் ஹாப்ஸ்பர்க் பேரரசரின் படை வென்றது. மறு ஆண்டு ஜூன் 21ஆம் நாள், கிளர்ச்சித் தலைவர்கள் 27 பேர் இச்சதுக்கத்தில் கொல்லப்பட்டனர்.

அன்பர்களே! அந்தத் தோல்விக்குப் பின்னர் ஆட்சியிலும் உயர்கல்வியிலும் படிப்படியாக ஜெர்மன் மொழி மேலோங்கியது. செக் மொழியோ சிற்றூர்களிலும் எளியோர் இல்லங்களிலும் ஒதுங்கி உயிர் வாழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அறிஞர் சிலர் அதனை மீண்டும் அரங்கேற்ற முனைந்தனர். யோசெஃப் யுங்மன் என்பவர் செக் மொழிக்குத் தொகுத்த ஐந்து தொகுதி அகராதி 1839இல் நிறைவுற்றது. பிறகு, தம் மொழியில் நாடகம் காண்பதற்கென்றே ஓர் அரங்கு வேண்டுமென மக்கள் விரும்பினர்.

ஆற்றங்கரையில் பொற்கூரையுடன் விளங்கும் தேசிய நாடக அரங்கு அவ்வாறு எழுந்ததே. ஊர் ஊராக நன்கொடை திரட்டினர். 1868இல் அடிக்கல் நாட்டினர். 1881 ஜூன் மாதம் அரங்கைத் திறந்தனர். ஆகஸ்டு 12ஆம் நாள் அது தீப்பற்றி எரிந்தது! மக்கள் மனம் தளர்ந்தார்களா? இல்லை. 47 நாட்களில் பத்து இலட்சம் கில்டர் நாணயங்கள் சேர்ந்தன. 1883 நவம்பரில் அரங்கு மீண்டும் திறக்கப்பெற்றது. அரச குடும்பத்தாரும் பொருள் தந்ததுண்டு. ஆயினும் மேடையின் மேலே, தேசம் தனக்குத் தானே அளித்துக்கொண்டது என்னும் பொருள்படும் வாசகத்தையே பொறித்தனர்.

இரண்டாம் நாள் அவ்வரங்கின் நிலவறைக்கு எங்களை அழைத்துச் சென்றனர். நாட்டின் பல பகுதிகளிலிருந்து கொணர்ந்த அடிக்கற்கள் அங்கே உள்ளன. செக் இனத்தின் முன்னோர் வந்து நின்றதாகக் கதை வழங்கும் ரீப் மலையின் கல்லும் அவற்றுள் ஒன்று. இன்னொரு கல் கடல் கடந்து வந்தது. அமெரிக்காவில் சிக்காகோ நகரில் குடியேறிய செக் மக்கள் அனுப்பிய கல் அது! இரத்தம் இணைத்தவர்களைக் கடல் பிரிக்காது என்னும் கருத்து அதில் பொறிக்கப்பெற்றுள்ளது.

என் பேரன் அக்கல்லைத் தொட்டுப் பார்த்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று ஆங்கிலத்தில் வினவினான். நான் ஆங்கிலத்தில் விடை சொன்னேன். சொல்லும்போதே என் நாக் கூசியது. அவனுக்குத் தமிழ் தெரியாது. அவன் தந்தைக்குப் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. அவன் நம் காலனியில், உங்கள் கண்முன் வளர்ந்தவன். ஞாயிறுதோறும் நம் சங்கம் நடத்திய தமிழ் வகுப்புக்கு அனுப்பாமல், அவனைக் கணக்கு டியூஷனுக்கு அனுப்பியவன் நான். கணக்கு வந்தது, தமிழ் போயிற்று. குற்றம் பிள்ளையுடையதன்று.

இன்னொரு செய்தியும் அந்நேரத்தில் நினைவுக்கு வந்தது. அதே பிராக் நகரில் 1927இல் பிறந்த கமில் சுவெலபில் தமிழ் கற்றார்; மன்னர் சார்லஸ் நிறுவிய பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தார்; சிலப்பதிகாரத்தைச் செக் மொழியில் பெயர்த்தார். அந்நூல் 1965இல் வெளிவந்தது. 2009இல் அவர் மறைந்தார். தம் மொழியைப் போற்றும் ஊரில் பிறந்தவர் நம் மொழியையும் போற்றினார். நம் வீட்டுப் பிள்ளை அதே ஊரில் அயல்மொழியில் வினா எழுப்பி நின்றான்.

பிழைப்பின் பொருட்டு நாம் பிறந்த மண்ணை விட்டு வந்தோம். வந்த இடத்தின் மொழியை நம் பிள்ளைகள் கற்பது கடமை, அதில் ஐயமில்லை. சிக்காகோவில் வாழ்ந்தவர்களும் ஆங்கிலம் பேசித்தான் பிழைத்திருப்பார்கள். ஆயினும் ஊருக்கு ஒரு கல்லை அனுப்பினார்கள். நாம் கல் சுமக்க வேண்டியதில்லை. நம் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் சங்கக் கட்டடத்துக்கு அனுப்பினால் போதும். அதுவே நாம் இடும் கல்.

ஊர் திரும்பியதும் வாரந்தோறும் தொலைபேசி வாயிலாகப் பேரனுக்கு எழுத்துக் கற்பிக்கத் தொடங்கியுள்ளேன். உயிரெழுத்துப் பன்னிரண்டும் வந்துவிட்டன. ழகரம் இன்னும் வரவில்லை. வந்துவிடும் என்று நம்புகிறேன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!