அவர்கள் கற்ற ழகரம்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



சற்று முன் வாசலில் ஒரு தாயார் என்னை நிறுத்தி, "ஐயா, எம் பிள்ளைக்கு எந்நேரமும் சினிமாப் பாட்டுதான். புத்தகத்தைத் தொடவே மாட்டேங்கிறான். நீங்களாவது மேடையில கொஞ்சம் சொல்லுங்க" என்றார். சொல்லத்தான் போகிறேன். ஆனால், அந்த அம்மா எதிர்பார்த்தது அதுவாக இருக்காது!

நாம் கேட்டு வளர்ந்த தமிழ்ப் பாடல்களைப் பாடியவர்கள் யார்? பி. சுசீலா 1935இல் ஆந்திரப் பகுதியின் விஜயநகரத்தில் பிறந்தவர். எஸ். ஜானகி, பி. பி. ஸ்ரீநிவாஸ், எஸ். பி. பாலசுப்ரமணியம் ஆகியோருக்கும் தாய்மொழி தெலுங்கு. யேசுதாஸுக்கு மலையாளம். மதுரையில் பிறந்த டி. எம். சௌந்தரராஜனுக்குக்கூட வீட்டு மொழி சௌராஷ்டிரம்தான்.

இங்கிருந்து அங்கே போனவர்களும் உண்டு. வேலூரில் பிறந்த வாணி ஜெயராம் 1971இல் 'குட்டி' என்ற இந்திப் படத்தில் பாடிப் புகழ் பெற்றார். 1965இல் வெளிவந்த 'செம்மீன்' மலையாளப் படத்துக்கு இசையமைத்தவர் வங்காளியான சலீல் சௌத்ரி. அதில் மலையாளத்தில் பாடிய மன்னா டேயும் வங்காளியே.

இது எப்படி முடிந்தது? பாட்டு வரிகளைத் தம் தாய்மொழி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுவது பின்னணிப் பாடகர்களின் வழக்கம். ஆனால், இன்றைய தெலுங்கில் நம் 'ழ'கரம் கிடையாது. இல்லாத எழுத்தை எப்படி எழுதுவது? காதால் கேட்டு, நாவால் பழகி, தவறினால் மறுபடியும் சொல்லித்தான் வரவேண்டும். சுசீலா அவர்களுக்குத் தமிழ் கற்பிக்க ஏ.வி.எம். நிறுவனத்தார் தனியே ஓர் ஆசிரியரை அமர்த்தினார்கள். அந்த உழைப்பு வீண்போகவில்லை. சிறந்த பின்னணிப் பாடகிக்கான இந்திய தேசிய விருது 1968ஆம் ஆண்டுப் படங்களுக்கு முதன்முதலாக வழங்கப்பட்டபோது, அதைப் பெற்றவர் அவர்தான். எந்த மொழிப் பாட்டுக்கு? 'உயர்ந்த மனிதன்' படத்தின் தமிழ்ப் பாட்டுக்கு!

இப்போது நம் கதைக்கு வருவோம். வீட்டிலே தமிழ், பள்ளியிலே தமிழ். ஆனாலும் 'வாளப்பளம்' என்கிறோம். நான் பிள்ளைகளை மட்டும் குறை சொல்லவில்லை. தோட்டத்து லயத்தில் வளர்ந்த நானும் ஐந்தாம் வகுப்பில், இதுபோன்ற ஒரு மேடையில், "தமிள் வால்க" என்று முழங்கியவன்தான். சபை சிரித்தது. ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் முதல் என்னைத் தினமும் பத்து முறை 'வாழ்க' சொல்ல வைத்தார். ஒரு மாதத்தில் நாக்கு வளைந்தது. இல்லாவிட்டால் இன்று உங்கள் முன் நிற்கத் துணிந்திருப்பேனா?

ஆகவே, அம்மா, பையனின் பாட்டை நிறுத்தாதீங்க. வாரம் ஒரு நல்ல பாட்டை அவனே கேட்டு, நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். ல, ள, ழ வரும் இடங்களில் கோடு போடட்டும். தெரியாத சொல்லுக்கு ஆசிரியரிடம் பொருள் கேட்கட்டும். பிறகு உங்கள் முன்னால் பாடிக் காட்டட்டும். எல்லாப் பாட்டும் நல்ல பாட்டு அல்ல. பொருள் தெரிந்தால் எது வேண்டும், எது வேண்டாம் என்று அவனுக்கே விளங்கிவிடும். புத்தகமும் தானாகவே கைக்கு வரும்.

மாணவச் செல்வங்களே, வேற்று மொழிக்காரர் உழைத்துக் கற்ற நம் ழகரத்தை, நாம் உழைக்காமல் இழந்துவிடலாமா? பரிசு பெறுவோருக்கு என் பாராட்டு. பெறாதோருக்கு அடுத்த ஆண்டு இருக்கிறது. இன்றிரவே ஒரு பாட்டை எழுதத் தொடங்குங்கள்.

வாழ்க தமிழ்!