மழை நாளும் ஓய்வுக் காலமும்

(கொல்கத்தாவில், விரைவில் பணி ஓய்வு பெறவிருக்கும் தமிழ் அலுவலர்களிடையே நிகழ்த்திய உரை)



ஓய்வூதியக் கணக்கு, பணிக்கொடை, மருத்துவ வசதி, ஆண்டுதோறும் அளிக்க வேண்டிய வாழ்வுச் சான்று ஆகியவை பற்றி எனக்கு முன் பேசிய அன்பர்கள் தெளிவாக எடுத்துரைத்துவிட்டார்கள். அவற்றையெல்லாம் செவ்வனே முடித்த பின்னரும் ஒன்று மிஞ்சுகிறது. அது பகல் பொழுது. அதைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள்.

மத்திய அரசுப் பணியில் ஓய்வு வயது 1962இல் 55இலிருந்து 58 ஆகவும், 1998இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. அறுபதை எட்டிய இந்தியர் ஒருவர் சராசரியாக மேலும் ஏறத்தாழ 18 ஆண்டுகள் வாழ்கிறார் என்று கணக்கிட்டுள்ளனர். முப்பது ஆண்டு பணிபுரிந்தவருக்கு, அதில் பாதிக்கும் மேற்பட்ட காலம் இன்னும் கையில் இருக்கிறது என்று பொருள். ஓய்வூதியம் என்பது கருணைக் கொடை அன்று, உரிமை என்பதை 1982 டிசம்பர் 17ஆம் நாள் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பணத்திற்கு அத்தகைய தீர்ப்பு இருக்கிறது. பொழுதைப் பொறுத்தமட்டில் நாமே வாதி, நாமே நீதிபதி.

இந்தச் சிக்கல் நன்றாகப் புலப்படுவது மழை நாளில்தான். ஒரு நாளில் 2.5 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் பெய்தால் அதனை மழை நாள் என்று இந்திய வானிலைத் துறை கொள்கிறது. ஓய்வு பெற்றவரின் அளவுகோல் வேறு. காலை நடையைத் தடுக்கும் எந்தத் தூறலும் அவருக்கு மழை நாளே. குடையை எடுத்துக்கொண்டு கடைத்தெரு வரை போகலாமா என்று வாசலுக்கு வருகிறார். வானத்தைப் பார்த்துவிட்டுக் குடையைத் திரும்ப மாட்டுகிறார். பழைய காகிதங்களை ஒழுங்கு செய்யலாம் என்று அலமாரியைத் திறக்கிறார். இது ஒரு நாள் வேலை அன்று என்று கண்டு மூடிவிடுகிறார். புத்தகத்தில் நான்கு பக்கம், வானொலியில் அரைச் செய்தி. பதினோரு மணிக்குள் இரண்டு முறை தேநீர் கேட்டாயிற்று. எதையும் செய்யவில்லை, ஆயினும் களைப்பு மட்டும் வந்துவிட்டது.

இதனைச் சோம்பல் என்று சொல்வது சரியன்று. அலுவலகத்தில் நாம் நாள்தோறும் பல முடிவுகளை எடுத்தோம் என்று எண்ணிக்கொள்கிறோம். கூர்ந்து பார்த்தால், கோப்பு நம்மை நாடி வந்தது, அதில் வினா இருந்தது, கீழிருந்து எழுதப்பட்ட குறிப்பு இருந்தது, முன்னுதாரணம் இருந்தது, அவசரம் என்ற சீட்டும் ஒட்டப்பட்டிருந்தது. நாம் இசைவு தெரிவித்தோம் அல்லது மறுத்தோம். எதைத் தொடங்குவது என்ற வினாவை நம்மிடம் எவரும் கேட்டதில்லை. முப்பது ஆண்டுகள் பழகாத ஒரு திறனை, ஓய்வு பெற்ற மறுநாளே மழை நம்மிடம் எதிர்பார்க்கிறது.

ஓய்வு பெறுவோருக்குப் பெரியதொரு திட்டம் வேண்டும் என்று பலரும் அறிவுரை கூறுவர். தன்வரலாறு எழுதுங்கள், புதியதொரு மொழி பயிலுங்கள், சேவை நிறுவனம் தொடங்குங்கள் என்பர். செய்பவர்கள் செய்யட்டும். எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. பெரிய திட்டம் நல்ல வெயிலையும் நல்ல உற்சாகத்தையும் எதிர்பார்க்கிறது. தயங்கிக் கிடக்கும் நாளில் கைகொடுப்பது, ஏற்கெனவே தொடங்கிப் பாதியில் நிற்கும் ஒரு சிறு கைவேலை.

இந்த ஊரில் நின்றுகொண்டு ரவீந்திரநாத தாகூரைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. அவர் எந்த அலுவலகத்திலிருந்தும் ஓய்வு பெற்றவர் அல்லர். ஆனாலும் நம் வயதில் அவருக்கு நேர்ந்தது நமக்குப் பயன்படும். 1924இல், 63 வயதில், அர்ஜென்டினாவில் உடல்நலம் குன்றி, விக்டோரியா ஒகாம்போ அம்மையாரின் விருந்தினராகத் தங்கியிருந்தார். அப்பொழுது எழுதிய பல கவிதைகள் 'பூரபி' என்ற தொகுப்பில் இடம்பெற்றன. மனத்திற்கு ஒவ்வாத சொல்லை அடிப்பார். அடித்த இடங்களை அலங்கோலமாக விட்டுவிடாமல், ஒன்றோடொன்று கோடுகளால் இணைப்பார். கோடுகள் பறவையாகும், பெயர் தெரியாத விலங்காகும். எந்தச் சொல் என்ற தயக்கமே அங்கே ஓவியத்திற்கு இடமாயிற்று. ஆறு ஆண்டுகளில், 1930இல், பாரிஸ் நகரில் அவருடைய ஓவியங்களின் கண்காட்சி நடைபெற்றது. அவர் விட்டுச் சென்ற ஓவியங்கள் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்டவை. மேதையைக் காட்டி நம்மை அச்சுறுத்துவது என் நோக்கம் அன்று. தாளை அடித்துத் திருத்தும் பழக்கம் நம் அனைவருக்கும் உண்டு. அதைச் சொல்லவே இதைக் கூறினேன்.

அவருக்குச் சகோதரர் மகன் முறையான அவனீந்திரநாத தாகூரின் எடுத்துக்காட்டு நமக்கு இன்னும் நெருக்கமானது. நவீன இந்திய ஓவியத்தின் முன்னோடி என்று போற்றப்படுபவர். 1905இல் பாரத மாதாவின் உருவத்தைத் தீட்டியவர். முதுமையில் தூரிகையைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, உலர்ந்த கிளை, வேர், மூங்கில் கணு போன்றவற்றைப் பொறுக்கிச் சேர்த்து, சிறிய பொம்மைகள் செய்துகொண்டிருந்தார். அவற்றுக்கு அவர் இட்ட பெயர் 'குட்டும் காட்டாம்'. குட்டும் என்றால் வங்காள மொழியில் உறவினர். மரத்துண்டைச் செதுக்கித் தன் எண்ணத்திற்கு வளைப்பது அவர் முறையன்று. இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பார். அதில் ஒரு கொக்கோ ஒட்டகமோ தென்பட்டால், சிறிதளவே மாற்றுவார். முடிவுக்கு வராமல் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருப்பதே அந்தக் கலையின் முதற்பகுதி. அலுவலகத்தில் இதனைக் காலதாமதம் என்று எழுதியிருப்போம்!

இவர்களைவிடவும் நான் மதிப்பது வங்கத்துப் பாட்டிமார்களை. பழைய சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலால், நேராக ஓடும் எளிய தையலிட்டு அவர்கள் ஆக்குவது காந்தா. நடுவில் தாமரை, மூலைகளில் மரம், இடையே மீனும் யானையும். ஒன்று முடியப் பல மாதங்கள் ஆகும். வெளியே செல்ல முடியாத மழைக்காலப் பகல்கள் அதற்கு உகந்தவை. அடுப்பு வேலை முடிந்ததும் எடுப்பார்கள். குழந்தை அழுதால் வைத்துவிடுவார்கள். இன்று என்ன செய்வது என்ற வினாவே எழுவதில்லை. ஊசி நேற்று நின்ற இடத்தில் குத்தியிருக்கிறது. இவர்களுக்கு ஓய்வு வயது என்று எதுவும் விதிக்கப்படவில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். நம் இல்லங்களிலும் நிலைமை இதுவே. நாம் ஓய்வு பெறும் நாளில் நம் துணைவியாரின் பணிச்சுமை குறைவதில்லை, கூடுகிறது. சமையலறைக்குள் சென்று மேற்பார்வை செய்யும் ஓய்வு பெற்ற அதிகாரிகளை நீங்கள் அறிவீர்கள்.

இத்தகைய காந்தாக்களை ஆர்வத்துடன் திரட்டியவர்களுள் ஒருவர் அரசு அதிகாரி. குருசதய் தத், ஐ.சி.எஸ். பணியில் மாவட்டங்களில் நிர்வாகம் செய்துகொண்டே, கிராமத்துக் கைத்திறன் பொருள்களைச் சேகரித்தார். அவர் சேர்த்தவை கொல்கத்தாவின் தெற்கே ஜோக்காவில் அருங்காட்சியகமாக அமைந்தன. அவர் ஓய்வு நாள் வரை காத்திருக்கவில்லை. 1941இல் காலமானார், காத்திருந்தால் போதிய காலம் கிடைத்திராது. உங்களுக்கு இன்னும் சில மாதப் பணி எஞ்சியிருக்கிறது என்பதால் இதைக் கூறுகிறேன்.

இங்கே ஒரு கசப்பான செய்தியையும் சொல்லியாக வேண்டும். பீர்பூம் மாவட்டக் கிராமங்களில் பல பெண்களுக்கு இதே தையல் இன்று கூலி வேலை. நாம் பொழுதுபோக்கு என்று கொள்வது அவர்களுக்கு அரிசியும் பருப்பும். ஓய்வு என்ற சொல்லே நாட்டில் உழைக்கும் மக்களில் பெரும்பாலோருக்கு எட்டாதது. தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் 60 முதல் 79 வயது வரையுள்ள வறியவருக்கு மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாயே. மாநிலங்கள் தத்தம் பங்கைச் சேர்க்கின்றன. ஆகவே, கைவேலை பழகும் நண்பர்கள் அதனை அடக்க விலைக்கு விற்க முற்படுவதை நான் ஆதரிப்பதில்லை. ஓய்வூதியம் வாங்குபவர் குறைந்த விலைக்கு விற்றால், கூலிக்குத் தைப்பவர் எந்த விலைக்கு விற்பார்? செய்ததைப் பரிசாகக் கொடுங்கள். விற்றே ஆக வேண்டுமெனில், முழு விலைக்கு விற்றுவிடுங்கள்.

இனிச் சில நடைமுறைக் குறிப்புகள். மழை நாளில் காகிதம் ஈரம் கொள்ளும். பசை எளிதில் உலராது. நீர்வண்ணம் ஒன்றோடொன்று கலந்துவிடும். எனவே அன்றைக்குத் தையல், மரம் தேய்த்தல், பென்சில் சித்திரம், களிமண் ஆகியவை ஏற்றவை. களிமண் ஈரக் காற்றில் விரைவில் காய்ந்துபோகாமல் கைக்கு இணங்கும். கருவிகளைப் பெட்டியில் பூட்டாதீர்கள். பூட்டினால் திறப்பதற்கு ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். அரைகுறையாக நிற்கும் வேலை சன்னலருகே கண்ணில் படும்படி இருக்கட்டும். அதற்கான இடத்தை வீட்டாரிடம் கேட்டுப் பெறுங்கள், உத்தரவு போடாதீர்கள்.

எதுவுமே தெரியாது என்பவர்களுக்கு அஞ்சல் அட்டை இருக்கிறது. சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தை நெடுங்காலம் வழிநடத்திய நந்தலால் போஸ், நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் அட்டையில் சிறு சித்திரம் தீட்டி அனுப்பும் வழக்கம் உடையவர். அட்டை சிறியது, நிறைந்தால் வேலை முடிந்தது. சன்னலில் தெரியும் காகம் போதும். ஒரே நிபந்தனை, முகவரி எழுத மறுமுனையில் ஒருவர் இருக்க வேண்டும். இக்கூட்டத்தின் அமைப்பாளர்கள் வாயிலில் ஆளுக்கு இரண்டு அட்டைகளும் ஒரு பென்சிலும் வைத்திருக்கிறார்கள். வெளியே மழை இன்னும் விட்டபாடில்லை. ஆகவே எவருக்கும் உடனே புறப்படும் அவசரம் இராது என்று நம்புகிறேன்.