திரும்பி வந்த வீட்டின் தரையைத் துப்புரவாக்குதல்
(வலிகாமம் வடக்கில் மீள்குடியேறும் குடும்பங்களுக்கு ஆற்றிய உரை)

1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்கள் நீங்கள். மயிலிட்டித் துறைமுகமும் அதையொட்டிய காணிகளும் 2017 யூலையில்தான் விடுவிக்கப்பட்டன. 27 வருடங்களுக்குப் பிறகு பலருக்கு வீடே இல்லை. சிலருக்குச் சுவரும் தரையும் மிஞ்சியிருக்கின்றன. அந்தத் தரையைக் குசினிச் சாமான்களைக் கொண்டே துப்புரவாக்கும் வழியைச் சொல்லப்போகிறேன்.

முதலில் பாதுகாப்பு. கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதிசெய்யப்பட்ட வளவுக்குள் மட்டும் போங்கள். குப்பைக்குள் சந்தேகமான பொருள் கண்டால் தொடாதீர்கள். பற்றைக்கு நெருப்பு வைக்காதீர்கள். வந்த தடத்திலேயே திரும்பிச் சென்று கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள்.

வௌவால் எச்சமும் பூஞ்சணமும் உள்ள தரையைக் காய்ந்தபடி கூட்டவேண்டாம்; தூசி நெஞ்சுக்குள் போகும். முகக்கவசம் அணிந்து, தண்ணீர் தெளித்து ஊறவிட்டு வழித்தெடுங்கள்.

இனிக் கறைகள். எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். அதனால் கிணற்றுத் தண்ணீர் காய்ந்த இடத்தில் வெள்ளைப் படிவு பிடிக்கும். அது சவர்க்காரத்துக்குப் போகாது, புளிப்புக்குப் போகும். வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து, துணியை நனைத்து, டைல்சில் பத்து நிமிடம் போட்டுவிடுங்கள். பிறகு தும்பால் உரஞ்சி, நன்றாகக் கழுவுங்கள். வினாகிரி இல்லாவிட்டால் தேசிக்காய்ச் சாறு அல்லது கரைத்த பழப்புளி உதவும்.

சீமெந்துத் தரையிலும் சலவைக்கல்லிலும் புளிப்பு விடவேண்டாம். படிவை அரிப்பதுபோல் அவற்றையும் அரித்துவிடும். டைல்ஸ் இடுக்குச் சீமெந்துக்கும் அதுவே ஆபத்து; கூடுதல் நேரம் ஊறவிடாதீர்கள்.

குசினி எண்ணெய்ப் பிசுக்குக்கு அப்பச்சோடாவைக் கொஞ்சத் தண்ணீரில் குழைத்துப் பூசித் தேயுங்கள். சீமெந்துத் தரையானால் அரித்தெடுத்த அடுப்புச் சாம்பலும் போதும். சோடாவையும் வினாகிரியையும் ஒன்றாகக் கலந்தால் நுரைக்கும், ஆனால் இரண்டின் பலமும் போய்விடும்.

கடைசியாக ஒன்று. கிணறு சுத்தம் செய்யத் தரப்படும் குளோரின் தூளை வினாகிரியுடனோ தேசிக்காயுடனோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும். பூட்டிய அறையில் உயிருக்கே ஆபத்து.

ஒரு நாளைக்கு ஓர் அறை போதும். பிள்ளைகள் படுக்கும் அறையிலிருந்து தொடங்குங்கள்.