பறிகொடுத்தவர் படைத்த சொற்கள்



பொற்கொல்லர் தமக்குள் பொன்னைப் 'பறி' என்பர். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பர். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் பொருள் விளங்க ஆளும் இத்தகைய சொல்லை நம் இலக்கண நூலார் குழூஉக்குறி என்றனர். அதனைக் கொச்சையென்று தள்ளினாரல்லர். தகுதி வழக்கினுள் ஒன்றாக இடந்தந்து போற்றினர். அந்தக் கண்கொண்டு, கடலுக்கு அப்பால் வாழும் ஒரு மக்களின் குழூஉக்குறியை இன்று காண்போம். சாசு இசையும், அதனின்று கிளைத்த சுவிங்கு என்னும் ஆடலிசையும் ஓங்கியிருந்த 1930-களிலும் 1940-களிலும் அமெரிக்கக் கறுப்பின இசைஞரிடையே வழங்கிய சொற்களே அவை.

அம் மக்கள் யார்? ஆப்பிரிக்க மண்ணினின்று விலங்கிட்டுக் கொணரப்பட்டோரின் வழிவந்தவர்கள். அவர்தம் நிலம் பறிபோயிற்று, பெயர் பறிபோயிற்று, தாய்மொழியும் பறிபோயிற்று. 1740-ஆம் ஆண்டில் தென் கரோலினாவில் இயற்றப்பட்ட சட்டம், அடிமைகட்கு எழுதக் கற்பிப்பதைத் தடுத்தது. அவர்கள் முரசறைவதையும் தடுத்தது. கையில் எழுத்தில்லை, முரசில்லை, வாயிலோ ஆண்டையின் மொழி. இந்நிலையில் ஓரினம் என்ன செய்யும்? ஊமையாகிவிடும் என்றுதான் ஆண்டைகள் எண்ணினர். அவர்களோ அந்த ஆண்டையின் மொழியையே உலையிலிட்டு உருக்கித் தமக்கு வேண்டிய சொற்களை வார்த்துக்கொண்டனர்!

எப்படி வார்த்தனர் என்று பாருங்கள். இசைஞனைப் 'பூனை' என்றனர். தோளுயரத்திற்கும் மேலான பெருநரம்புக் கருவியை 'நாய்க்குடில்' என்றனர். மாலை அவர்களுக்கு 'முன்கருமை', காலை 'முன்வெளிச்சம்'. இசைத்தட்டின் வரித்தடத்தில் முள் வழுவாது ஓடுவதுபோல் இசை அமைந்துவிட்டால், 'தடத்தில் உள்ளது' என்று பாராட்டினர். ஒன்றை உணர்ந்துகொள்வதைத் 'தோண்டுதல்' என்றனர். அகழ்ந்தாலன்றி நீர் ஊறாது; ஆழ்ந்தாலன்றிப் பொருள் விளங்காது. இதனைக் கல்லாதார் பேச்சென்று எவ்வாறு இகழ்வது?

இன்னொன்றையும் எண்ணுங்கள். நரைத்த முதியவனையும் 'பையா' என்று வெள்ளையர் கூவி அழைத்த நாடு அது. அந்நாட்டில் எட்வர்டு எல்லிங்டன் 'தியூக்கு' ஆனார். வில்லியம் பேசி 'கவுண்டு' ஆனார். இரண்டும் மேலைநாட்டு உயர்குடியாளர் பட்டங்கள். துளைக்கருவி இசைஞர் இலெசுட்டர் யங்கு, பாடகி பில்லி ஆலிடேக்குப் 'பெருமாட்டி' எனப் பொருள்படும் பட்டம் சூட்டினார்; அவ்வம்மையாரோ அவரை நாட்டுத் தலைவரைக் குறிக்கும் சொல்லின் குறுக்கத்தால் 'பிரெசு' என்றழைத்தார். ஊரார் தர மறுத்த மதிப்பைத் தாமே தமக்குள் வழங்கிக்கொண்டனர். இது விளையாட்டா? இல்லை, தன்மானம்!

நியூயார்க்கின் ஆர்லெம் பகுதியில் 'காட்டன் கிளப்பு' என்றோர் ஆடலரங்கு இருந்தது. அடிமைகள் முதுகொடியப் பறித்த பருத்தியே அதன் பெயர். மேடையில் ஆடியோரும் பாடியோரும் கறுப்பினத்தார். அமர்ந்து சுவைத்தோர் வெள்ளையர். கறுப்பினத்தார் அங்கே விருந்தினராய் நுழைதற்கு இடமில்லை. மாந்தர்க்குக் கதவை அடைத்துவிட்டு, அவர்தம் இசையையும் சொல்லையும் மட்டும் வீட்டிற்கு அள்ளிச் சென்றனர்!

அந்த மேடையிற் பாடிப் புகழ்பெற்ற கேபு காலோவே ஒரு செயல் செய்தார். 1938-இல் தம்மவர் சொற்களைத் திரட்டிச் சிறியதோர் அகரமுதலியாக வெளியிட்டார். பல்கலைக்கழகம் வந்து தொகுக்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. 1944 வரை அது பலமுறை திருத்தியும் விரித்தும் பதிக்கப்பெற்றது. அவ்வாண்டிலேயே இதழாசிரியர் தான் பர்லியும் ஆர்லெம் பேச்சுக்கு ஒரு கையேடு எழுதினார். சோரா நீல் அர்சுட்டன் என்னும் பெண் எழுத்தாளர், 1942-இல் ஆர்லெம் தெருச்சொற்களாலேயே ஒரு கதை யாத்து, இறுதியில் சொற்பொருள் அடைவும் சேர்த்தார். அக்கதையின் இளைஞர்கள் வாயில் சொல் மின்னும். வயிறோ பசியால் வாடும். அச்சொற்கள் எத்தகைய வாழ்விற் பிறந்தன என்பதற்கு அதுவே சான்று.

அன்பர்களே! இலெசுட்டர் யங்கு பரவச் செய்தார் என்று இசை வரலாற்றார் பலரும் கூறும் 'கூல்' என்னும் சொல், இன்று நம் இளைஞர் நாவிலும் புரள்கின்றது. எரியும் இழிவின் நடுவில் உள்ளம் குலையாது நின்றவனின் சொல் அது. நாம் சொல்லை வாங்கினோம், அந்நிலைப்பாட்டை வாங்கினோமா? மொழியைப் பறிகொடுத்தவர் பிறர்மொழியிலும் தமக்கெனச் சொல் படைத்தனர். படைத்ததைத் தம் கையாலேயே எழுதியும் வைத்தனர். மொழியைப் பறிகொடாத நாமோ, உழவரும் தச்சரும் மீனவரும் நாடோறும் ஆளும் நற்சொற்களை எழுதாமலே சாகவிடுகின்றோம். அவர்களிடம் கடன் கொள்ள வேண்டியது சொல்லையன்று. சொல்லாக்கும் துணிவையும், அதனைத் தொகுத்துக் காக்கும் பொறுப்பையுமே!