மறுகால் எங்கே போகிறது?

இன்று பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே,

பட்டமளிப்பு மேடையில் கனவு, இலட்சியம், விடாமுயற்சி பற்றிப் பேசுவது மரபு. அவற்றைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்னைவிட நன்றாகவே சொல்லியிருப்பார்கள். நான் என் தொழிலைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். கணினிப் பயன்பாட்டியலும் மேலாண்மையும் படித்த உங்களில் பலர் இன்னும் சில ஆண்டுகளில் அதே தொழிலுக்குத்தான் வந்து சேரப் போகிறீர்கள்.

என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர், அதாவது நிறுவனக் கட்டமைப்பு, என்று அதற்குப் பெயர். ஒரு வங்கியையோ மருத்துவமனையையோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பிரிவு எந்த வேலையைச் செய்கிறது, அந்த வேலைக்கு எந்த மென்பொருள் துணை நிற்கிறது, அது எந்த சர்வரில் ஓடுகிறது, தகவல் எங்கே பிறந்து எங்கே போய்ச் சேருகிறது என்பதையெல்லாம் பெட்டியும் அம்பும் போட்டுப் படமாக வரைகிற வேலை. 1987இல் ஜான் சாக்மன் என்பவர் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்விதழில் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்தத் துறையின் கதையைத் தொடங்குவார்கள். அவர் போட்ட கட்டத்தில் அப்போது மூன்றே கேள்விகள்: என்ன, எப்படி, எங்கே. யார், எப்போது, ஏன் என்ற மற்ற மூன்றும் 1992இல்தான் வந்து சேர்ந்தன.

நெதர்லாந்தில் உருவாகி 2009இல் உலகத் தரமாக வெளிவந்த ஆர்க்கிமேட் என்ற வரைமொழியும் அப்படித்தான். அதன் அடிப்படை நம் பள்ளிக்கூட இலக்கணம்: எழுவாய், பயனிலை, செயப்படுபொருள். செய்பவர் ஒரு பெட்டி, செயல் ஒரு பெட்டி, செயலுக்கு உள்ளாகும் பொருள் ஒரு பெட்டி. எளிமையான, அழகான ஏற்பாடு. ஆனால் அந்தச் செயல் எதற்காக நடக்கிறது என்று எழுதுவதற்கான குறிகள் 2012இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் இடம்பெற்றன. எங்கள் துறையில் ‘ஏன்’ என்பது எப்போதும் பிந்தி வருகிற விருந்தாளி. நீங்கள் வேலைக்குச் சேரும் இடத்திலும் அது பிந்தித்தான் வரும். கவனித்துப் பாருங்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். மதுரைச் சமவெளியின் கண்மாய்களைவிடப் பழைய, பெரிய நிறுவனக் கட்டமைப்பு இந்தப் பக்கத்தில் வேறு கிடையாது. ஒரு கண்மாயைத் தனியாகப் பார்த்தால் கரை, தண்ணீர் திறந்துவிடும் மடை, உபரி நீர் வெளியேறும் மறுகால், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால், கண்மாயை நம்பியிருக்கும் ஆயக்கட்டு நிலம், அவ்வளவுதான். ஆர்க்கிமேட்டில் வரைந்தால் ஒரே தாளில் அடங்கிவிடும். எழுவாய் நீர்பாய்ச்சி, பயனிலை மடை திறத்தல், செயப்படுபொருள் தண்ணீர். நீர்பாய்ச்சிக்கான கூலியை அறுவடையில் நெல்லாக அளந்தார்கள். அதற்கும் ஒரு பெட்டி போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் கண்மாய் தனியாக இல்லை. மேல் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணீர்தான் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. அது நிறைந்தால் அடுத்தது. சங்கிலித் தொடர் என்று பாசனக்காரர்கள் சொல்வது இதைத்தான். வருசநாட்டு மலையில் புறப்படும் வைகையே, கடைசியில் இராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் நிறைகிற ஆறு. ஆறுகூட இங்கே ஒரு கண்மாயின் வரத்துக்கால்தான் என்று சொன்னால் அதிகமில்லை.

பழைய மறுகால் ஒன்றை அருகில் போய்ப் பாருங்கள். கல்லால் கட்டிய தாழ்ந்த சுவர், அதன் தலையில் வரிசையாக நட்ட கற்கள். பருவமழை முடிகிற நேரத்தில் அந்தக் கற்களுக்கு இடையில் மண்ணும் வைக்கோலும் திணித்து அடைத்தால் கண்மாயில் கூடுதலாகத் தண்ணீர் நிற்கும். அடைத்த பிறகு பெருமழை வந்துவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாக ஆள் போய் அடைப்பைப் பிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கரை உடையும். முன்கூட்டியே அடைத்தால் கீழ் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். எப்போது அடைப்பது, யார் பிரிப்பது, யாரைக் கேட்டுச் செய்வது என்பதெல்லாம் அந்தக் கல்லில் எழுதப்படவில்லை. இரண்டு ஊர்களுக்கு இடையில் உள்ள பழக்கத்தில் இருந்தது. படம் வரைகிறவர் சுவரை வரைவார், கல்லை வரைவார். அந்தப் பழக்கத்தை எங்கே வரைவார்?

இப்போது நிர்வாகத்தைப் பாருங்கள். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் பொதுப்பணித் துறையின் பொறுப்பாக இருந்து இன்று நீர்வளத் துறையிடம் இருக்கிறது. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தின் கையில். வரத்துக்கால் ஓடும் புறம்போக்கு நிலம் வருவாய்த் துறையின் ஏட்டில். தண்ணீர் மேலிருந்து கீழே போகிறது. பொறுப்போ ஹெக்டேர் கணக்கில் குறுக்கே வெட்டப்பட்டிருக்கிறது. ஒன்றியத்துக் கண்மாயின் மறுகால் பெரிய கண்மாய்க்குள் விழும். அந்த ஒன்றியத்தின் கோப்பில் பெரிய கண்மாய் இருக்காது. துறைகள் இப்படித் தனித்தனியாக இயங்குவதை உங்கள் பாடப்புத்தகத்தில் சைலோ என்று படித்திருப்பீர்கள். அமெரிக்க உதாரணம் தேடிப் போக வேண்டியதில்லை.

மதுரை நகரம் வளர்ந்ததும் இப்படித்தான். 2004இல் தொடங்கிய உயர்நீதிமன்றக் கிளை உலகனேரிக் கண்மாய்ப் பகுதியில் அமைந்தது. தல்லாகுளம் கண்மாய்ப் பகுதியில் மாநகராட்சி அலுவலகம் வந்தது. ஒவ்வொரு முடிவும் அதனதன் படத்தில் சரியாகத்தான் இருந்திருக்கும். நிலம் காலியாக இருந்தது, கட்டடம் தேவைப்பட்டது. அங்கே நிறைய வேண்டிய தண்ணீர் இனி எங்கே போகும் என்ற கேள்விக்கு அந்தப் படத்தில் பெட்டி இல்லை.

இப்படித் துண்டு துண்டாகப் பார்ப்பதன் குறையை முன்பே சொன்னவர், வியன்னா அருகே பிறந்த லுட்விக் வான் பெர்டலான்ஃபி என்ற உயிரியலாளர். செல்லைத் துண்டு துண்டாக அறுத்துப் பார்த்தால் துண்டுகளைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம், அது உயிரோடு இருப்பது எப்படி என்று தெரியாது என்பது அவருடைய ஆதங்கம். உயிருள்ளது திறந்த அமைப்பு. வெளியிலிருந்து பொருளும் ஆற்றலும் வாங்கி, வெளியே கொடுத்துத்தான் அது நிலைத்து நிற்கிறது என்றார். உயிரியலில் கண்ட இந்த ஒழுங்கு பொருளாதாரத்திலும் சமூகத்திலும் எந்திரத்திலும் தென்படுவதை வைத்து, எல்லா அறிவியலுக்கும் பொதுவான ஒரு மொழி வேண்டும் என்று வாதாடினார். 1968இல் வெளிவந்த பொது அமைப்புக் கோட்பாடு பற்றிய அவருடைய நூல் இன்றும் அச்சில் இருக்கிறது. நூலகத்தில் இருந்தால் எடுத்துப் படியுங்கள், கணக்கு வரும் பக்கங்களைத் தாண்டிப் போனாலும் பரவாயில்லை.

அவரைவிட எனக்குப் பிடித்தவர் பொருளாதார அறிஞர் கென்னத் போல்டிங். 1956இல் அவர் அமைப்புகளை ஒன்பது படிகளாக அடுக்கினார். முதல் படி, அசையாத சட்டகம்: வரைபடம், எலும்புக்கூடு போன்றவை. இரண்டாவது, கடிகாரம் போல ஓடுவது. மூன்றாவது, அளவு பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்வது. பிறகு செல், தாவரம், விலங்கு, மனிதன். எட்டாவது படியில்தான் மனிதர்கள் கூடி நடத்தும் நிறுவனம் வருகிறது. அதற்கு மேலே ஒன்பதாவதாக, நம் அறிவுக்கு எட்டாததற்கு ஒரு படி ஒதுக்கிவைத்தார்.

இந்த அடுக்கை எங்கள் தொழிலின் மேல் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை முகத்தில் அடிக்கும். நாங்கள் வரைகிற படம் முதல் படியில் இருக்கிறது. படம் காட்டுகிற நிறுவனம் எட்டாம் படியில் இருக்கிறது. இடையில் ஆறு படிகள். ஆலோசனை நிறுவனங்கள் சுவர் முழுக்க ஒட்டிவைக்கும் வண்ணப் படங்களில் இந்த ஆறு படிகளும் இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் பல கோடித் திட்டங்கள் தொடங்குகின்றன. படம் தேவையில்லை என்று சொல்லவில்லை. அதை வரைந்துதான் நான் சாப்பிடுகிறேன். அது எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்து வரையுங்கள் என்கிறேன்.

எட்டாம் படியில் யோசித்த நிறுவனம் இந்த ஊரிலேயே இருக்கிறது. அரசு மருத்துவப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைத்தான் சொல்கிறேன். ஓர் அறுவை மருத்துவருக்குப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மேசைகள். ஒன்றில் சிகிச்சை நடக்கும்போதே அடுத்ததில் அடுத்த நோயாளி தயார். சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, நோயாளியைத் தயார் செய்வது போன்ற வேலைகளில் அமர்த்தினார்கள். இதைப் படமாக வரைவது சுலபம். 1993இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியே இந்த மருத்துவமனையைப் பாடமாக எழுதிவிட்டது. வரையக் கடினமானது வேறொன்று.

கிராமத்தில் முகாம் நடத்துவார்கள். புரை இருக்கிறது, அறுவை செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொல்வார். பாட்டி தலையாட்டுவார். ஆனால் மதுரைக்கு வர மாட்டார். இலவசம் என்று சொன்னாலும் வர மாட்டார். காரணம் பஸ் கட்டணம், சாப்பாடு, துணைக்கு வரும் மகனின் ஒரு வாரக் கூலி, பிறகு பயம். மருத்துவமனையின் படத்தில் இவை ஒன்றும் கிடையாது. வாசலோடு அந்தப் படம் முடிந்துவிடுகிறது. அரவிந்த் செய்தது அந்த எல்லைக்கோட்டை நகர்த்தியது. முகாமிலிருந்தே பஸ்ஸில் கூட்டி வந்து, சோறு போட்டு, தங்கவைத்து, சிகிச்சை முடிந்து திரும்பக் கொண்டுபோய் விடுவதும் மருத்துவமனையின் வேலைக்குள் வந்தது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தால் ஏழைக்குக் கட்டுப்படியாகாது என்றானபோது, 1992இல் ஆரோலேப் தொடங்கி அதையும் உள்ளே கொண்டுவந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. முகாம்களில் கூட்டம் அலைமோதியது, எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. வேறு நிறுவனமாக இருந்தால் அந்த எண்ணிக்கையின் வரைபடத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும். முகாமுக்கு வராதவர்கள் எத்தனை பேர் என்று இங்கே ஆராய்ந்தார்கள். கண்ணில் குறை உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேர்கூட முகாமுக்கு வரவில்லை என்று 1999இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. பின்னூட்டம் என்றால் இதுதான்: வந்தவர்களின் பாராட்டைவிட வராதவர்களின் கணக்கு. 2004 முதல் சிற்றூர்களில் நிரந்தரமான சிறு பார்வை மையங்களைத் திறந்தார்கள். அங்கே பயிற்சி பெற்ற பெண் பரிசோதிப்பார், மருத்துவர் வீடியோவில் பேசுவார்.

எல்லையைக் குறுக்கிப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அருகிலேயே பாடம் உண்டு. 2017 ஏப்ரலில் வைகை அணையில் ஆவியாதலைத் தடுக்கத் தெர்மாகோல் விரித்தார்கள். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். தண்ணீரும் வெயிலும் அந்தப் படத்தில் இருந்தன, காற்று இல்லை. சற்று நேரத்தில் காற்று அட்டைகளைக் கரைக்குத் தள்ளிவிட்டது. நாடு முழுக்கச் சிரித்துவிட்டு, காற்றை விட்டுவிட்டு வரைந்த தன் அலுவலகப் படங்களுக்குத் திரும்பிப் போனது.

மேலூர்ப் பக்கம் பெரியாறு பாசனத்தில் நெல் விளைவிக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் வயலின் எல்லை எங்கே தொடங்குகிறது? 1895இல் பொறியாளர் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை மேற்கே போகிற ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிவிட்டது. அன்று முதல் மேலூர் வரப்பின் கதை இடுக்கி மலையில் தொடங்குகிறது. அந்தப் பழைய அணை குறித்து மலையில் இருப்பவர்களுக்கு உள்ள அச்சமும் அந்தப் படத்துக்குள்தான் வரும்.

உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். உங்கள் ஊர்க் கண்மாய்க்கு வரத்து எங்கிருந்து வருகிறது, மறுகால் எந்தக் கண்மாயில் விழுகிறது, நடுவில் எந்த இடத்தில் கால் அடைபட்டிருக்கிறது, எந்தப் பகுதி எந்தத் துறையிடம் இருக்கிறது என்று வரையுங்கள். புலப்படம் அரசின் இணையதளத்திலேயே கிடைக்கிறது. மேல் ஊருக்கும் கீழ் ஊருக்கும் நடந்தே போய், வயதான நீர்பாய்ச்சி யாராவது இருந்தால் அவரிடம் கேட்டுத் திருத்துங்கள். மதுரை நகரத்தில் பிறந்தவர்கள் உங்கள் தெருவில் விழும் மழை எந்தக் கண்மாய்க்குப் போக வேண்டியது என்று தேடுங்கள். அந்தப் படத்தை அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். நகரத்தில் இருப்பவர்கள் வார்டு உறுப்பினரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வேலைக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுவதற்கு முன்னால் இதைச் செய்துவிட்டுப் போங்கள்.