விருந்து முடிந்த பிறகு அடுப்பை யார் கவனிப்பது?

நெகிரி செம்பிலான் தோட்டப் பகுதி முதியோருக்கான சுகாதார உரை

  

இன்று இரத்த அழுத்தத்தைப் பற்றியோ கொழுப்பைப் பற்றியோ பேசப் போவதில்லை. உங்கள் வீட்டின் பின்புறம் நிற்கும் பார்பிகியூ அடுப்பைப் பற்றிப் பேசப் போகிறேன்.

தீபாவளி, பள்ளி விடுமுறை, பேரப்பிள்ளையின் பிறந்தநாள் என்று ஏதாவது வந்தால் பிள்ளைகள் கோலாலம்பூரிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் வந்துவிடுகிறார்கள். கோழிக்கு மசாலா தடவுவது நீங்கள். கரி பற்றவைப்பது மகனோ மருமகனோ. சனிக்கிழமை இரவு எல்லாருக்கும் சந்தோஷம். ஞாயிறு மாலை, நெடுஞ்சாலையில் நெரிசல் வருவதற்குள் கார்கள் கிளம்பிவிடும். திங்கட்கிழமை காலையில் கொல்லையில் மிஞ்சுவது எண்ணெய்ப் பிசுக்கோடு அந்த அடுப்பும், கையில் துடைப்பத்தோடு நீங்களும்தான்.

தீ எரியும்போது எல்லாரும் கவனமாக இருக்கிறோம். குழந்தையைத் தூரத்தில் நிறுத்துகிறோம். தீ அணைந்தது போல் தெரிந்தவுடன் கவனம் போய்விடுகிறது. ஆபத்துகளில் பல அதன் பிறகுதான் வருகின்றன. காலில் தீப்புண், எலிச் சிறுநீர் நோய், டெங்கி, தொண்டையில் குத்தும் கம்பி என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். எல்லாவற்றையும் எளிதாகத் தடுக்கலாம்.

அடுப்பு எதில் செய்தது?

கடையில் வாங்கிய அடுப்பு சிலரிடம் இருக்கும். பலர் பழைய இரும்புத் தோங்கை நெடுக்காகப் பாதியாக வெட்டி, கால் வைத்து, மேலே கம்பித் தட்டு போட்டிருப்பீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் அந்தத் தோங்கில் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். தோட்டத்தில் புல்லுக்கு அடிக்கும் மருந்து இருந்த தோங்கை எவ்வளவு கழுவினாலும் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. பாராகுவாட் மருந்து மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய கொள்கலன்கள் இன்னும் எங்காவது கிடக்கலாம். எதற்குப் பயன்பட்டது என்று தெரியாத தோங்கு வேண்டவே வேண்டாம்.

கம்பித் தட்டுக்கும் இதே எச்சரிக்கைதான். பழைய குளிர்ப்பெட்டியின் தட்டு, வேலிக்குப் போடும் துத்தநாகம் பூசிய கம்பி வலை ஆகியவை தீயில் வைப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. கடும் சூட்டில் அவற்றின் பூச்சு நச்சுப் புகையாக வெளிவரலாம். சமையலுக்கென்று விற்கும் தட்டையே வாங்குங்கள்.

அன்றிரவே பாதி வேலையை முடியுங்கள்

கோழியை எடுத்தவுடன் கம்பித் தட்டைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் கரியின் மேலேயே இருக்கட்டும். ஒட்டியிருக்கும் கொழுப்பும் மசாலாவும் கருகி உதிரும் நிலைக்கு வரும். பிறகு நீண்ட கைப்பிடி உள்ள மரக்கட்டையாலோ தட்டையான கரண்டியாலோ சுரண்டுங்கள். தட்டு ஆறியதும் சோப்பும் சுடுநீரும் போட்டுத் தேய்த்துக் கழுவி, துடைத்து, காய வையுங்கள். காய்ந்த பிறகு சமையல் எண்ணெயை மெல்லிய பூச்சாகத் தடவி வைத்தால் துருப் பிடிக்காது.

கொழுப்பு தங்கினால் என்ன? அடுத்த முறை பற்றவைக்கும்போது அந்தப் பழைய கொழுப்பு திடீரென்று தீப்பிடித்து மேலே எழும். கொழுப்பு தீயில் சொட்டி எழும் புகையில் உடலுக்குக் கேடான பொருள்கள் இருக்கின்றன. அவை இறைச்சியில் படிகின்றன. தட்டையும் அடியையும் சுத்தமாக வைத்தால் இரண்டும் குறையும்.

கம்பித் தூரிகையைத் தூக்கிப் போடுங்கள்

கடையில் விற்கும் கம்பித் தூரிகை அழுக்கை நன்றாக எடுக்கும். ஆனால் அதன் மெல்லிய கம்பிகள் உதிர்ந்து தட்டில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை அது கோழித் துண்டோடு வயிற்றுக்குள் போகும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012-இல் வெளியிட்ட அறிக்கையில், ஒரே மருத்துவமனைக் குழுமத்துக்கு இப்படிக் கம்பியை விழுங்கிய 6 பேர் வந்ததாகச் சொல்லப்பட்டிருக்கிறது. சிலருக்குக் கழுத்துப் பகுதியில் குத்தியிருந்தது. சிலருக்குக் குடலில் ஓட்டை விழுந்து அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது.

கண் பார்வை மங்கிய நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் கம்பி தெரியாது. சாப்பிடும் பேரப்பிள்ளைக்கும் தெரியாது.

லயத்து வீட்டில் பால்மர விறகில் சமைத்தவர்கள் நீங்கள். கரிப் பிடித்த சட்டியை அப்போது எதைக் கொண்டு தேய்த்தீர்கள்? தேங்காய் நார்தானே. அதையே இப்போதும் எடுங்கள். நாரை உருட்டிச் சோப்பு நீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். தட்டில் ஏதாவது நார் ஒட்டியிருந்தாலும் அது குடலைக் கிழிக்காது. கடைசியில் ஈரத் துணியால் ஒரு முறை துடைத்துவிடுங்கள்.

சாம்பலை நம்பாதீர்கள்

இதை மிகவும் கவனமாகக் கேளுங்கள். மேலே வெள்ளைச் சாம்பல் படிந்த கரி அணைந்துவிட்டது போல் தெரியும். உள்ளே அது மறுநாள் காலை வரைகூட கனன்றுகொண்டிருக்கும். அந்தச் சாம்பலை மண்ணில் கொட்டி, அதன் மேல் வெறுங்காலோடு நடந்தால் என்ன ஆகும்?

2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே இந்த விகிதம் இன்னும் அதிகம். இனிப்பு நீர் பல ஆண்டுகளாக இருப்பவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடும். நெருப்பை மிதித்தாலும் சுடுவது தெரியாது. மாலையில் கால் கழுவும்போதுதான் கொப்புளத்தைப் பார்ப்பார்கள். அந்தச் சிறு கொப்புளம் ஆறாத புண்ணாகி, விரலையோ காலையோ எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகலாம்.

ஆகவே சாம்பலை அடுப்பிலேயே விட்டு முழுமையாக ஆற விடுங்கள். இரண்டு நாள் ஆகட்டும், அவசரம் இல்லை. அள்ளுவதற்கு முன் கொஞ்சம் கொஞ்சமாக நீர் தெளித்து நனையுங்கள். கனலும் கரியில் வாளி நீரைக் கொட்டினால் ஆவி எழுந்து முகத்தைச் சுடும். சாம்பலை மூடியுள்ள தகர டின்னில் போடுங்கள். பிளாஸ்டிக் பையிலோ குப்பைத் தோங்கிலோ போட வேண்டாம். செருப்பு போதாது, மூடிய காலணி போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

சுட்டுவிட்டால் உடனே குழாய் நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, சோயா கிச்சாப், மஞ்சள் எதுவும் தடவாதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். நீரிழிவு உள்ளவர்கள் புண் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் அன்றே கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.

எலியும் கொசுவும்

செம்பனைத் தோட்டத்தில் எலி எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எலியைப் பிடிக்க ஆந்தைக்கே கூண்டு கட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொழுப்பு வாசனை வீசும் அடுப்பு எலிக்கு விருந்து. அது தட்டின் மேல் ஏறும், நக்கும், சிறுநீர் கழிக்கும்.

எலிச் சிறுநீரில் இருக்கும் கிருமி கையிலுள்ள சிறு கீறல் வழியாகவும், கண், வாய் வழியாகவும் உடம்புக்குள் போகும். இந்த நோயை மருத்துவர்கள் சுகாதார அலுவலகத்துக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்பது 2010 முதல் நம் நாட்டில் சட்டம். கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு ஆகியவை இதன் அறிகுறிகள். முற்றினால் மஞ்சள் காமாலை வரும், சிறுநீரகம் பாதிக்கப்படும். சீக்கிரம் வந்தால் மருந்து இருக்கிறது. காய்ச்சலோடு கிளினிக்குக்குப் போகும்போது, "எலி நடமாடிய இடத்தைக் கழுவினேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை மருத்துவருக்குப் பெரிய உதவி.

பல நாள் வெளியே கிடந்த அடுப்பைத் தொடுவதற்கு முன் ரப்பர் கையுறை போடுங்கள். காய்ந்த தூசியைக் கூட்டாமல், சோப்பு நீர் ஊற்றி நனைத்துக் கழுவுங்கள். சமைப்பதற்கு முன் தட்டை மறுபடி கழுவி, கரியின் மேல் நன்றாகச் சூடாக்கிய பிறகே இறைச்சியை வையுங்கள்.

அடுத்தது கொசு. பாதித் தோங்கு என்பது மழைநீர் பிடிக்கும் தொட்டியும்தான். ஏடிஸ் கொசு நீரின் ஓரத்தில் முட்டையிடும். ஏழு முதல் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். நீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும், அடுத்த மழையில் பொரிக்கும். அதனால் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உள்பக்கத்தைத் தேய்த்துவிட வேண்டும். தோங்கின் அடியில் நான்கைந்து துளை போடச் சொல்லுங்கள். பயன்படுத்தாத நாளில் கவிழ்த்து வையுங்கள். மேலே மூடும் கான்வாஸின் மடிப்பிலும் நீர் தேங்கும். வாரம் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

மழை வந்தால் அடுப்பை உள்ளே கொண்டுவர வேண்டாம்

நம் ஊரில் மாலை மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மழை வந்ததும் பிள்ளைகள் அடுப்பைச் சமையலறைக்கோ, நாலு பக்கமும் அடைத்த பின்கட்டுக்கோ தூக்கி வருகிறார்கள். கூடாது. கரி புகையே இல்லாமல் சிவந்து கனலும்போதும் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரும். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. தலைவலி, மயக்கம், வாந்தி என்று தொடங்கி, தூக்கத்திலேயே உயிர் போகலாம். உள் அறையில் ஓய்வெடுக்கும் நீங்களும் தொட்டிலில் தூங்கும் குழந்தையும் அதை முதலில் சுவாசிப்பீர்கள். மழை வந்தால் கோழியை உள்ளே கொண்டுவந்து சட்டியில் சமையுங்கள். அடுப்பு வெளியிலேயே நனையட்டும்.

கேஸ் தோங்கில் எரியும் அடுப்பு வைத்திருப்பவர்கள், பற்றவைப்பதற்கு முன் ரப்பர் குழாயில் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு இருக்கிறது. உடனே வால்வை மூடி, குழாயை மாற்றச் சொல்லுங்கள். வெகுநாள் சும்மா இருந்த அடுப்பின் எரிகுழாய்க்குள் சிலந்தி கூடு கட்டியிருக்கும். அதையும் எடுக்க வேண்டும்.

பிள்ளைகளிடம் கேளுங்கள்

கடைசியாக ஒரு வேண்டுகோள். "பாவம், பிள்ளைகள் தூரம் போக வேண்டும், நானே கழுவிக்கொள்கிறேன்" என்று சொல்வீர்கள். எனக்குத் தெரியும், என் அம்மாவும் அதையேதான் சொல்வார். கனமான தட்டைத் தூக்கிக் குனிந்து தேய்ப்பதும், ஈரத் தரையில் நடப்பதும் எழுபது வயதில் செய்யும் வேலை இல்லை. விழுந்து இடுப்பு முறிந்தால் அதே பிள்ளைகள்தான் விடுப்பு எடுத்துக்கொண்டு சிரம்பானுக்கு ஓடி வர வேண்டும்.

அதனால் கரி பற்றவைத்தவரே கழுவட்டும். காரில் ஏறுவதற்கு முன் தட்டைக் கழுவிக் காய வைத்து, அடுப்பை மூடிவிட்டுப் போகட்டும். தங்குவதற்கு மிஞ்சுவது சாம்பல் மட்டும்தான். அதை ஆறிய பிறகு நீங்கள் அள்ளலாம், அல்லது அடுத்த வீட்டுத் தம்பியைக் கேட்கலாம்.

இந்தத் தாளை அடுப்புக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். பெரிய தீக்காயமோ, மூச்சு முட்டலோ, மயக்கமோ ஏற்பட்டால் 999-ஐ அழையுங்கள்.

அடுத்த விருந்துக்கு எல்லாரும் வரட்டும், வயிறார உண்ணட்டும். திங்கட்கிழமை காலையில் நீங்கள் காலுக்கு மேல் கால் போட்டுத் தேநீர் குடியுங்கள்.